கல்லின் மஞ்சள் பக்கம்

தெருவில் எல்லோரும் அவளைக் கல்லம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டு நெஞ்சில் ஈரம் இல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த வீட்டுக் குழந்தை அழுதால் தானும் சேர்ந்து மூக்கை உறிஞ்சுகிற ரகம். கல்லெல்லாம் வீட்டில்தான் இருந்தது. குளியலறை வாளியில் ஊறுகிற கல், சமையலறை ஜன்னலில் காய்கிற கல், சோபாவுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்த கல். எல்லாமே தீட்டுக்கல். யாரோ ஆயுள் முழுக்கக் கத்தியும் உளியும் தீட்டிவிட்டுக் கண்ணை மூட, பிள்ளைகள் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் போனவை.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். கத்தியின் முனை கொஞ்சம் மழுங்கினாலும் காகித ஓரம் பிசிறடிக்கும், மேற்பார்வையாளர் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு வந்து நிற்பார். அந்தப் பயத்திலேயே கூர்மை என்றால் அவளுக்கு ஒரு கண். ஓய்வு பெற்றவர்கள் செடி வளர்ப்பார்கள், நாய் வளர்ப்பார்கள். இவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு அடியில் கரி பிடித்த சோப்புக்கட்டி மாதிரி ஒன்றைப் பார்த்தாள். அதை எடுத்து நகத்தால் சுரண்டினாள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

கல்லைக் கழுவுவதை லேசாக எண்ணிவிடக் கூடாது. முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய எண்ணெயையெல்லாம் கக்க வைக்க வேண்டும். அப்புறம் பாத்திரம் விளக்குகிற சோப்பும் பழைய பல்துலக்கியும். தண்ணீர் பச்சைத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், வெந்நீர் பட்டால் சில கற்கள் பட்டென்று பிளந்து மானத்தை வாங்கிவிடும். அழுக்குப் போன பிறகு விசாரணை தொடங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பாள்: குடிக்கிறதா, அப்படியே நிற்கிறதா? ஊசியால் கீறிப் பார்ப்பாள். காதோரம் வைத்து நகத்தால் தட்டிப் பார்ப்பாள். ஈரத்தில் இரும்பைத் தேய்த்து, வழிகிற சேற்றின் நிறத்தைப் பார்ப்பாள். அதற்குள் கல் தன் ஊர் பேரைச் சொல்லிவிடும். சொல்லாவிட்டால், தெரியவில்லை என்று வெள்ளைத் தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுவாள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது, கல்லின் மேல் விழுந்திருக்கிற பள்ளம். தச்சர் கல் நடுவில் குழிந்திருக்கும், உளி அங்கேதான் ஓடும். சமையல்காரர் கல் ஒரு முனையில் தேய்ந்திருக்கும். இடதுகைக்காரர் கல் சாய்ந்து தேய்ந்திருக்கும். உப்புத்தாளில் உரசிச் சமப்படுத்துவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தை விரலால் தடவியபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

"மறுபடியும் கைரேகை ஜோசியமா?" என்று கேட்பார் கணவர்.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரைச் சிரிக்க வைக்கிற வாய், மார்பு வரைக்கும் தாடி. அந்தத் தாடியைப் பார்த்துச் சாமியாராகப் போகிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மை வேறு. கல்லம்மாவின் அண்ணன் சலூன் வைத்திருந்தார். மச்சானின் கத்திக்குக் கழுத்தைக் கொடுக்கவும் பயம், வேறு கடைக்குப் போய் மச்சான் மனசை நோகடிக்கவும் பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் வளர்ந்த தாடி அது.

அண்ணனுக்குக் கடைத்தெருவில் பஞ்சு என்று பெயர். அவரிடம் சவரம் செய்துகொண்டு எழுந்தவர்கள் கன்னத்தில் இரண்டு, தாடையில் ஒன்று என்று பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். அப்பா போன பிறகு கடையை எடுத்து நடத்திய ஆரம்ப காலத்தில் வந்த பெயர். அப்பாவோ அந்த வட்டாரத்துக்கே பேர்போன கை. அவர் சவரம் செய்தால் தூங்குகிறவன் விழிக்க மாட்டான் என்பார்கள். அப்படிப்பட்டவருக்குப் பிறந்தவர் பஞ்சு. கொஞ்ச வருஷம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன் கத்தியை மடக்கி உள்ளே வைத்துவிட்டார். மாட்டிக் கழற்றுகிற பிளேடு வந்தபோதும் தொடவில்லை. முடி மட்டும் வெட்டினார், சவரத்துக்கு ஆள் வைத்துக்கொண்டார். பெயர் மட்டும் போகவில்லை. உண்மையைச் சொன்னால், கல்லம்மாவும் கணவரோடு சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்த அண்ணன்தான் ஒரு நாள் காலையில் துணிப்பையோடு வந்து வாசலில் நின்றார்.

"கடையைக் கொடுத்துடலாம்னு இருக்கேன், பாப்பா," என்றார். அறுபதை நெருங்குகிற தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"என்னண்ணே திடீர்னு?"

"சவரத்துக்கு வெச்சிருந்த பையன் எதிர்லயே தனிக்கடை போட்டுட்டான். நம்ம கடைக்கு வர்றவங்க சவரம் உண்டான்னு கேக்கறாங்க. இல்லன்னா அப்படியே எந்திரிச்சு எதிர்ல போயிடறாங்க. செல்போன் கடைக்காரர் ஒருத்தர் இடத்தைக் கேக்கறாரு. நாளைக்கு வந்து அளவெடுப்பாரு."

"அதுக்கென்ன, சவரத்தை நீயே பண்ணேன்."

அண்ணன் சிரித்தார். வலது கையை விரித்து, யாருடையதோ மாதிரி அதைப் பார்த்தார். "இந்தக் கையாலயா? இதுக்குக் கத்தி ஒத்துவராதுன்னு அப்பாவே சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாததா?"

அது அப்பா படுக்கையில் விழுந்த பிறகு நடந்தது. பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போனதும், அவருக்குச் சவரம் செய்துவிடும் வேலை அண்ணனிடம் வந்தது. அண்ணன் தானே கத்தியைத் தீட்டி, தானே நுரை போட்டு, முதல் இழுப்பிலேயே அப்பாவின் கன்னத்தில் ரத்தம் வரவழைத்தார். பார்க்க வந்த நாலு பேர் முன்னால் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். அதற்கப்புறம் சாகும்வரை தாடியோடு கிடந்தாரே தவிர, மகனைக் கத்தி எடுக்க விடவில்லை.

துணிப்பைக்குள் அப்பாவின் சவரக்கத்தியும், மூடி போட்ட மரப்பெட்டியில் அவருடைய தீட்டுக்கல்லும் இருந்தன. "வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? யாராவது மதிப்புத் தெரிஞ்சவங்களுக்குக் கொடுத்துடு," என்று சொல்லிவிட்டு, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் அண்ணன் கிளம்பிவிட்டார். கடை போய்விட்டால் அந்த மனுஷன் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே ஒன்றுமில்லாமல் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம் வந்தது.

அந்தக் கல்லை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அப்பா கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தி தீட்டுவார். பெட்டியின் மூடியைத்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போது திறந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கறுப்புக் கல். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாள், ஊசியால் கீறினாள், தட்டினாள். சாதாரணப் பலகைக் கல். பேனாக்கத்தி தீட்டலாம், சவரக்கத்திக்கு இது எந்த மூலைக்கு?

"உங்கப்பா மந்திரம் போட்டுத் தீட்டியிருப்பாரு," என்றார் கணவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் விரல் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தது. கல்லின் மேல் ஆழமான பள்ளம். ஏதோ நாலு நாள் தீட்டியதால் வருகிற பள்ளம் இல்லை அது. வருஷக்கணக்கில், விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் தீட்டியவன் போட்ட பள்ளம். அப்பா அழுத்தித் தீட்டுகிறவர் இல்லை, இறகு மாதிரி விடுவார் என்று அவர் வாயாலேயே பெருமையடிப்பார். அப்படியென்றால் இது அண்ணன். கத்தியை மடக்கி வைத்துவிட்டதாக ஊரெல்லாம் நினைத்த காலத்திலும் பின்னறையில் தனியாக உட்கார்ந்து தீட்டித் தீட்டிப் பார்த்திருக்கிறார். முயற்சி இல்லாதவன் என்று அப்பா கரித்துக்கொட்டியதை அவளும் நம்பியிருந்தாள்.

பெட்டியிலிருந்து கல்லைப் பெயர்க்கப் பார்த்தால் அசையவில்லை. யாரோ அரக்கு ஊற்றி ஒட்டியிருந்தார்கள். அரக்கைக் கரைக்கிற ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஓரமெல்லாம் சுற்றி வைத்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது அரக்கு இளகி, கல் கையோடு வந்துவிட்டது. திருப்பினாள்.

அடிப்பக்கம் மஞ்சள்.

வெண்ணெய் நிறத்தில் மெல்லிய இன்னொரு கல், கறுப்புக் கல்லின் முதுகில் ஒட்டியிருந்தது. இந்த ஜாதியைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள், தொட்டுப் பார்த்ததில்லை. மஞ்சள் கல் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் மெலிசாகத்தான் கிடைக்கும், உடையாமலிருக்கக் கீழே ஒரு கறுப்புப் பலகையை வைத்து ஒட்டிவிடுவார்கள். கறுப்பு வெறும் முட்டுக்கொடுப்பு, வேலைக்காரன் மஞ்சள்தான். மஞ்சள் முகத்தில் விரல் வைத்தாள். கண்ணாடி மாதிரி சமம், ஒரு ஓரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு இறங்கியிருந்தது. இறகு மாதிரி விடுகிறவரின் கை.

நல்ல முகம் அடியில் கிடக்க, அண்ணன் இத்தனை வருஷமாக முட்டுக்கொடுத்த பலகையில் தீட்டியிருக்கிறார்.

சந்தேகம் வேண்டாமென்று அப்பாவின் சவரக்கத்தியை மஞ்சளில் தண்ணீர் விட்டுத் தீட்டினாள். பால் மாதிரிச் சேறு வந்தது. கத்தியைத் தோல்வாரில் இழுத்து, கணவரின் முன்கை முடியில் வைத்தாள். முடி தானாகவே விழுந்தது.

"என் கை என்ன ஆராய்ச்சிக் கூடமா?" என்று கத்திய கணவர், வழுக்கையான இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார்.

"அண்ணன்கிட்ட எப்படிங்க சொல்றது? 'நீ கல்லைக் குப்புறப் போட்டுத் தீட்டினே, அதான் உன் பொழப்பே குப்புற விழுந்துச்சு'ன்னு எந்த வாயால சொல்றது? மனுஷன் தாங்குவாரா?"

கணவர் தாடியை உருவிக்கொண்டு யோசித்தார். "சொல்லாதே. அழுக்கு அடைச்சிருந்துச்சு, கழுவிட்டேன், இப்ப நல்லாத் தீட்டுதுன்னு மட்டும் சொல்லு. மஞ்சளா இருக்கேன்னு கேட்டா, அழுக்குப் போன நிறம்னு சொல்லிடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"நீங்க என்ன பார்த்துப்பீங்க?"

"தாடி இருக்கில்ல," என்றார் அவர். ஆனால் சொன்ன குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

மறுநாள் காலையில் இருவரும் சலூனுக்குப் போனார்கள். இரண்டு சுழல் நாற்காலி, ரசம் போன கண்ணாடி, ஆணியில் தொங்கும் தோல்வார். அலமாரியில் இருந்த சீப்பு, கத்தரிக்கோல், பவுடர் டப்பாவெல்லாம் ஏற்கெனவே அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. அண்ணன் விளக்குமாறும் கையுமாக நின்றிருந்தார்.

"மச்சான், எனக்குச் சவரம் பண்ணிவிடுங்க," என்று சொல்லிக் கணவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

அண்ணன் விளக்குமாற்றைக் கீழே போட்டார். "என்ன மாப்பிள்ளை, காலங்காத்தால கிண்டலா?"

"கிண்டல் இல்லண்ணே," என்று கல்லம்மா பெட்டியையும் மடக்கிய கத்தியையும் நீட்டினாள். "கல்லைக் கழுவிட்டேன். அழுக்குதான் அடைச்சிருந்துச்சு. இப்பத் தீட்டிப் பாரு."

அவர் மூடியைத் திறந்தார். மஞ்சள் முகம் மேலே இருந்தது. தேள் கொட்டினாற்போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பின்னால் நகர்ந்தார்.

"இதை ஏன் திருப்பினே?"

"திருப்பலண்ணே, அழுக்கு…"

"பாப்பா, அது அப்பாவோட பக்கம். எனக்குத் தெரியும். அரக்கு போட்டு ஒட்டினதே நான்தான்."

அண்ணன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சின்ன வயதில் ஒரு நாள் பின்னறைக்குள் நுழைந்து, பளபளவென்று இருக்கிறதே என்று மஞ்சளில் விரலை வைத்தாராம். அப்பா விட்ட அறையில் காதுக்குள் பூச்சி கத்தியதாம். 'இந்தப் பக்கம் உன் கை படவே கூடாது' என்றாராம் அப்பா. அப்புறம் அவர் படுக்கையில் விழுந்து, அவருக்கே சவரம் செய்யக் கத்தி தீட்ட வேண்டி வந்தபோது, அண்ணன் கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கவிழ்த்துப் போட்டுக் கறுப்பில் தீட்டியிருக்கிறார். அப்பா போன பிறகு, கை தவறியும் மஞ்சளில் பட்டுவிடக் கூடாதென்று ஒட்டியே விட்டார்.

"அவர் செத்தப்புறமுமா?" என்று கேட்டாள்.

"செத்துட்டாருன்னு சொன்ன சொல் போயிடுமா?"

கல்லம்மாவுக்கு வந்ததே கோபம். யார்மேல் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. பத்து வயதுப் பையனின் அழுக்கு விரலுக்குச் சொன்ன வார்த்தையை அறுபது வயதுவரை தலையில் சுமந்த அண்ணன்மேல் பாதி. அதை ஒரு நாளும் திரும்ப எடுத்துக்கொள்ளாமல், தன் கன்னத்து ரத்தத்துக்குக் காரணம் கல்லா கையா என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போன அப்பாமேல் மீதி. கழுவித் துடைத்துக்கொண்டு வந்த பொய்யெல்லாம் வாயிலிருந்து ஓடிப்போனது.

"அண்ணே, கறுப்பு வெறும் பலகை. அதுல யார் தீட்டினாலும் ரத்தம்தான் வரும், அப்பாவே தீட்டினாலும் வரும். உன் கையைப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ இன்னும் தீட்டின கத்தியாலே ஒருத்தருக்கும் சவரம் பண்ணல." சொல்லச் சொல்ல அழுதுவிட்டாள். முன்கூட்டியே சொன்னேன், நெஞ்சில் ஈரமுள்ளவள்.

அண்ணன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்துவிட்டு, இன்னொரு தடவை கழுவினார். கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தபோது தோளைச் சுருக்கிக்கொண்டார். அறை விழப்போகிறது என்று பயப்படுகிற பையன் சுருக்குவது மாதிரித்தான் இருந்தது. ஒன்றும் விழவில்லை. கத்தி ஓடியது. இரண்டாவது தடவை ஓடியது. நாலாவது, ஐந்தாவது இழுப்பில் தோள் இறங்கியது.

மாப்பிள்ளையின் தாடியை முதலில் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கி, இடது கன்னத்துக்கு நுரை போட்டார். கணவர் நாற்காலியின் கைப்பிடியை மலைப்பாதையில் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்துச் செல்போன் கடைக்காரர் அளவுநாடாவோடு உள்ளே வந்தார்.

"சுவரை மட்டும் அளந்துக்கட்டுமா?"

"ஆள் உட்கார்ந்திருக்காரு, கைபட்டா கத்தி தவறிடும். அப்புறம் பேசிக்கலாம்," என்றார் அண்ணன், திரும்பிப் பார்க்காமலேயே. வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

காதுக்குக் கீழிருந்து தாடை வரை ஒரே இழுப்பு. கல்லம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளை நுரை விலகிய இடத்தில் வருஷக்கணக்காக வெயிலே படாத கன்னம், குழந்தைக் கன்னம் மாதிரி. சிவப்பாக ஒரு புள்ளி இல்லை. இன்னொரு இழுப்பு. கழுத்து. மேலுதடு. இடப்பக்கம் முழுதும் முடிந்தது. அண்ணன் குனிந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஆரம்பிங்க மச்சான்," என்றார் கணவர், கண்ணைத் திறக்காமல்.

"பாதி முடிஞ்சிடுச்சு மாப்பிள்ளை."

கணவர் சட்டென்று கண்ணைத் திறந்து, கண்ணாடியில் பாதித் தாடியும் பாதிக் கன்னமுமாக இருந்த ஆளைப் பார்த்தார்.

அண்ணன் கத்தியைத் துடைத்தார். முகத்தில் சந்தோஷத்தைத்தான் அவள் எதிர்பார்த்தாள். அவர் கல்லைப் பார்த்தபடி கேட்டார்.

"பாப்பா, அன்னைக்கே நான் அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இல்ல? அவர் படுத்திருந்தப்போ. 'மஞ்சள் பக்கத்துல தீட்டிக்கட்டுமாப்பா'ன்னு. பயந்துக்கிட்டு நான்தான் கேக்கல. கேட்டிருந்தா, 'எடுத்துக்கோடா'ன்னு சொல்லியிருப்பாரு. இல்லயா?"

அவளுக்கு அப்பாவைத் தெரியும். வாய் கோணி, கை விளங்காமல் கிடந்தபோதும் கடைச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்த மனுஷன். சாவுக்கு முந்தின வாரம் அதை அம்மா எடுக்கப் போனபோது, விளங்குகிற கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினவர்.

"சொல்லியிருப்பாருண்ணே," என்றாள். "நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லியிருப்பாரு."

அண்ணன் தலையை ஆட்டினார். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் வலது கன்னத்துக்கு நுரை போடத் தொடங்கினார்.